பூட்டண்ணனின் சாவிப் பலகை

பூட்டண்ணனிடம் ஒரு மறுசாவி வெட்டி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாவியைக் கொடுத்ததும் வாங்கி மெஷினில் மாட்டுகிற ஆள் இல்லை அவர். முதலில் சாவியைப் பார்ப்பார், அப்புறம் ஆளைப் பார்ப்பார், திரும்பவும் சாவியைப் பார்ப்பார். "யார் வீட்டுச் சாவி? அந்த வீட்டுக்கு நீங்க என்ன வேணும்? இன்னொண்ணு எதுக்கு? முன்னாடி இருந்தது எங்க போச்சு?" பெண்ணைக் கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். ஒருமுறை சோப்புக்கட்டியில் சாவி அச்சு எடுத்துக்கொண்டு வந்து பல்லை இளித்த ஒருவனை, கையில் இருந்த அரத்தை ஓங்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் துரத்தினார். அது அந்தத் தெருவே கைகொட்டிப் பார்த்த காட்சி.

அதைக்கூட விடுங்கள். அவருடைய சொந்த மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி, தன் வீட்டுச் சாவிக்கு ஒரு மறுசாவி கேட்டு வந்தபோது, "இரு மாப்ள" என்று உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் மச்சான் பெண்டாட்டிக்குப் போன் போட்டு "உன் புருஷன் சாவி கேக்கறான், வெட்டித் தரலாமாம்மா?" என்று விசாரித்தவர் அவர். மச்சான் அதற்கப்புறம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "தொழில்னா தொழில்" என்று அவர் பாட்டுக்கு அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சந்தேகப்படுவதே தொழிலாக இருந்த அந்த மனுஷரைத்தான் ஊரே நம்பியது. அந்த நம்பிக்கை எங்கே இருந்தது என்று கேட்டால் கையால் தொட்டுக் காட்டலாம். கடைக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் ஒரு பலகை. பலகை நிறைய ஆணி. ஆணிக்கு ஒரு சாவி. எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளின் சாவிகள்.

இதை ஆரம்பித்துவைத்தது எதிர்த்தெரு டீச்சர். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, குப்பை போட வெளியே வந்தார்கள். காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, பாலும் உள்ளே. பூட்டண்ணன் ஓடிப்போய்த் திறந்துவிட்டார். மறுநாள் டீச்சர் கடைக்கு வந்து ஒரு சாவியை நீட்டினார்கள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணே. என் மறதிக்கு நீங்கதான் காவல்." அதைப் பார்த்து இன்னொருவர் கொடுத்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். ஊருக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட ஆள் இல்லாதவர்கள், வயசான அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் கொண்டுவந்து மாட்டினார்கள்.

எந்தச் சாவியிலும் பேர் இருக்காது, அடையாளச் சீட்டு இருக்காது. அதில்தான் அவருடைய சூட்சுமம். எவனாவது கடையை உடைத்து உள்ளே வந்தாலும் எது யார் வீட்டுச் சாவி என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். பூட்டண்ணனுக்கு மட்டும் சாவியின் பல்லைத் தடவிப் பார்த்தால் போதும், கதவே கண்ணுக்குத் தெரியும். காலையில் கடையைத் திறந்ததும் அந்தப் பலகையை ஒரு துணியால் துடைப்பார். கடைக்கு வருகிற புது ஆள் யாராவது "இதெல்லாம் என்னங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியாது.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கேயாவது திருட்டு என்று போனில் செய்தி வந்தால், அதை அப்படியே தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தட்டிவிடுவார். கீழே தன் வாசகம்: "ஜாக்கிரதை! உங்க வீட்டுப் பூட்டு பத்திரமா? பழைய பூட்டை இன்னிக்கே மாத்துங்க." அதற்கும் கீழே கடை நம்பர். ஒரே தட்டில் எல்லாருக்கும் போகிற மாதிரி பக்கத்து மொபைல் கடைக்காரர் ஒருகாலத்தில் அமைத்துக் கொடுத்திருந்தார். அது நட்பாக இருந்த காலம். செய்தி போன அன்றைக்கு நிச்சயம் யாராவது பூட்டு மாற்ற வருவார்கள்.

"ஊர்ல திருடு போனா உங்களுக்குக் கொண்டாட்டமா?" என்று மனைவி கேட்பாள்.

"கொண்டாட்டம் இல்லம்மா. பயந்தான் நமக்குச் சோறு போடுது. அது கொஞ்சம் தூங்கிட்டா தட்டி எழுப்பணும்ல?"

இப்படி எழுப்பி எழுப்பி வளர்த்த பயம் ஒருநாள் வீட்டுக்காரனையே கடித்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு இன்ஜினியர் வீடு. குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், வாசல் பூட்டுக்குள் சாவி போகவே மாட்டேன் என்கிறது. பூட்டண்ணனுக்குப் போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனார். கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மெல்லிய கொக்கிக் கம்பியை விட்டுத் துழாவினார். பூட்டின் துளைக்குள் யாரோ ஒரு இரும்புத் துண்டைத் திணித்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துப் போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே அலமாரி எல்லாம் குப்புறக் கிடந்தது. திருடன் பின்பக்க ஜன்னல் வழியாக வந்து, வீட்டுக்காரர்கள் வந்தால் சட்டென்று உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று வாசல் பூட்டை அடைத்துவைத்துவிட்டுத் தன் வேலையைக் காட்டியிருக்கிறான். இன்ஜினியர் மனைவி அழுதார். போலீஸ் வந்தது. பூட்டண்ணன் அந்த இரும்புத் துண்டை ஒரு காகிதத்தில் மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். பாவம் அந்தம்மா, என்று மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

மறுநாள் காலை எழுந்தார், டீ குடித்தார், வழக்கம்போல் போனில் தட்டவேண்டியதைத் தட்டினார், குளித்துவிட்டுக் கடையைத் திறந்தார். பலகையைத் துடைத்து முடிக்கவில்லை, முதல் ஆள் வந்தாயிற்று. மாடிவீட்டுப் பெண்.

"அண்ணே, எங்க சாவியைக் கொஞ்சம் குடுங்களேன். மாமியார் வந்திருக்காங்க."

கொடுத்தார். அடுத்து ஒரு கணக்காளர். "சும்மாதான்… வீட்ல ஒண்ணு இருக்கட்டும்னு." கொடுத்தார். அப்புறம் அச்சகம் வைத்திருப்பவர். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினார்.

"என்ன விஷயம்? ஊருக்குப் போறீங்களா? பூட்டு மாத்தறீங்களா?"

"குடுங்க, போகணும்."

பூட்டண்ணனுக்கு மண்டைக்குள் நமநமவென்றது. நேற்று வரைக்கும் கேள்வி கேட்பது அவர், பதில் சொல்வது மற்றவர்கள். இன்றைக்குக் கேள்வி கேட்டால் எல்லாரும் எங்கேயோ பார்க்கிறார்கள். சாவியை வாங்கினவர்கள் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்க்கிறார்கள், என்னவோ இவர் அதில் பாதியைத் தின்றுவிட்ட மாதிரி. ஒருவர் ஒருபடி மேலே போய், "இது எங்க சாவிதானா?" என்று கேட்டார். பூட்டண்ணனுக்குச் சுருக்கென்றது.

மத்தியானத்துக்குள் பலகையில் ஆணிதான் மிச்சம். கடைசியாக டீச்சர் வந்தார்கள். வாசற்படியிலேயே நின்றார்கள்.

"என்ன டீச்சர், நீங்களுமா?"

"சாவி…" என்றார்கள். பூட்டண்ணன் முதல் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதைப் பையில்கூடப் போடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

இதையெல்லாம் பக்கத்துக் கடையிலிருந்து மொபைல் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மொபைல் கடைக்காரர் புதிதாக ஒரு விளம்பரப் பலகை வைத்தார், அது பூட்டுக்கடையை மறைத்தது, வாய்ச்சண்டை முற்றி அவரவர் வழி என்றாகிவிட்டது. ஆனாலும் மனுஷன் மனசு கேட்காமல் இறங்கி வந்தார்.

"அண்ணே, நீங்க இன்னும் பாக்கலையா?"

"எதை?"

அவர் தன் போனில் ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார். பூட்டண்ணன் அதை வாங்கிக் கையெட்டும் தூரத்தில் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். உள்ளூர்ச் செய்தி போடுகிற ஒரு பக்கம். சிவப்பு எழுத்து கொட்டை கொட்டையாக: "பூட்டிய வீட்டில் கைவரிசை! கேமராவில் சிக்கிய கள்ளச்சாவி ஆசாமி?" கீழே ஒரு வீடியோ. எதிர்வீட்டு கேமரா எடுத்தது. ஒரு கதவு. கதவின் முன்னால் குந்தியிருக்கும் ஒரு முதுகு. பக்கத்தில் ஒரு பை. அந்த ஆள் கம்பியை விட்டு ஆட்டுகிறான், சுற்றுமுற்றும் பார்க்கிறான், தோளில் வியர்வையைத் துடைக்கத் திரும்புகிறான். திரும்பினால் பூட்டண்ணன்.

இன்ஜினியர், மனைவி, பிள்ளை, பெட்டி படுக்கை எல்லாம் அப்போது வாசல் கேட்டுப் பக்கத்தில்தான் நின்றன. கேமரா கண்ணுக்கு அந்தக் கேட்டு எட்டவில்லை. எட்டாததை யாரும் போய்க் கேட்கவும் இல்லை. ஒரு போன் போட்டிருந்தால், ஒரே ஒரு போன், விஷயம் முடிந்திருக்கும். அதற்குத்தான் செய்தி போடுகிறவர்களுக்கு நேரம் கிடையாதே!

வீடியோவுக்குக் கீழே ஊர் கூடிக் கும்மியடித்திருந்தது. "கையை எடுக்கணும்." "இவன் கடை எனக்குத் தெரியும்." "எத்தனை சாவி வெச்சிருக்கான் பாருங்க கடையில, எல்லாம் எதுக்கு?" "அப்பவே நினைச்சேன், மூஞ்சியே சரியில்ல." இந்த 'அப்பவே நினைச்சேன்' ஆசாமிகள் இருக்கிறார்களே, அப்போது ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அவரிடம் பூட்டு வாங்கி, டீயும் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பூட்டண்ணன் பேயறைந்த மாதிரி நின்றார். "இது நான் பூட்டைத் திறந்துவிடப் போனதுய்யா. அவங்க கூப்பிட்டுத்தான் போனேன்."

"எனக்குத் தெரியாதாண்ணே?" என்றார் மொபைல் கடைக்காரர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பூட்டண்ணன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இவனுக்கு எப்படித் தெரியும்? முதலில் இவன் கண்ணில் பட்டது எப்படி? இவன் கையில்தானே ஊரில் பாதிப் பேர் போன் ரிப்பேருக்கு வருகிறது? அதோடு பலகைச் சண்டை வேறு. அந்த நிமிஷமே சந்தேகத்தின் முதல் விதை விழுந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார். மனைவிக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. "எந்தப் படுபாவி இப்படிப் பண்ணான்? அவன் கை விளங்காமப் போக" என்று சாபம் விட்டாள். சாப்பாடு போட்டாள். போட்டுவிட்டு, குழம்பை ஊற்றும்போது தலை நிமிராமல் ஒன்று கேட்டாள்.

"முந்தாநாள் மத்தியானம் கடையைச் சாத்திட்டு எங்க போனீங்க?"

"என்னது?"

"இல்ல… நான் சாப்பாடு எடுத்துட்டு வந்தேன், கடை பூட்டியிருந்துது. அதான் கேட்டேன்."

பூட்டண்ணன் கை தட்டிலேயே நின்றது. கட்டின பெண்டாட்டி! சாதாரணக் கேள்விதான். முந்தின வாரம் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இன்றைக்கு அந்தக் கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது. அவர் எழுந்துபோய்ப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"கண் டாக்டர்கிட்ட போனேன். கிட்டத்துல இருக்கறது எதுவும் தெரியல எனக்கு. பூட்டுக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா யாரு வருவா? அதான் சொல்லல. மாட்டிக்கவும் வெக்கமா இருந்துது. போதுமா?"

அவள் ஓவென்று அழுதாள். அவர் சமாதானம் செய்யவில்லை. அவருக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறி: இதைத் தெருவுக்குள் கொண்டுவந்து விட்டவன் யார்? செய்தி போட்ட பக்கம் எங்கேயோ இருக்கிறது. அதை விடிந்ததும் விடியாததுமாக இந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவன் ஒருவன் இருக்கிறான். அந்தக் கறுப்பு ஆட்டைப் பிடித்துவிட்டால் போதும்.

மச்சானாக இருக்குமோ? அந்தச் சாவி விவகாரத்தை அவன் மறக்கவில்லை. போன் போட்டார். "என்ன மாப்ள, பழி தீர்த்துட்டியா?" மச்சானுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. புரிந்ததும் கத்தினான். "உங்களுக்காக நான் நாலு பேர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன் மாமா! நீங்க என்னையே கேக்கறீங்களா? அன்னிக்கும் என்னைச் சந்தேகப்பட்டீங்க, இன்னிக்கும் என்னைத்தான் சந்தேகப்படறீங்க. மத்தவங்க உங்களைச் சந்தேகப்பட்டா மட்டும் வலிக்குதோ?" போனை வைத்துவிட்டான்.

இன்ஜினியர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே என்று அவர் வீட்டுக்குப் போனார். கேட்டைத் திறக்காமல் உள்ளே இருந்தபடியே பேசினார் இன்ஜினியர்.

"நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்ங்க. ஆனா விசாரணை நடக்கும்போது நான் எதுவும் எழுதக் கூடாதுன்னு சொல்றாங்க. அது முடியட்டும்."

"எழுத வேணாம் சார். நாலு பேர்கிட்ட வாயால சொல்லுங்க."

"பாக்கலாம்… ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு அவ்வளவு சீக்கிரமா எப்படித் திறந்தீங்க?"

பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? தன் கண்ணைவிட்டு அந்த கேமராக் கண்ணை நம்ப ஆரம்பித்துவிட்டார் பாருங்கள். பூட்டண்ணன் திரும்பி நடந்தார். மெதுவாகத் திறந்திருக்கணும் போல, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் அவரைப் பார்த்ததும் சிரித்தார்கள். "உங்க மேல புகாரே இல்லையேய்யா. போய்ப் பொழப்பைப் பாருங்க." அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். "இல்லாத புகாருக்கு என்னன்னு எழுதறது?" என்றார் அங்கே இருந்தவர். அதுவும் நியாயம்தான். செய்தி போட்டவனுக்குப் போன் போட்டால், "சார், நாங்க திருடன்னு எங்க சொன்னோம்? கேள்விக்குறி போட்டிருக்கோம் பாருங்க" என்றான். ஒரு கொக்கியை வளைத்து எழுத்துக்குப் பின்னால் மாட்டிவிட்டால் எவன் குடியை வேண்டுமானாலும் கெடுக்கலாம் போலிருக்கிறது!

கடைக்கு ஆள் வரத்து நின்றது. எதிரில் நடந்துபோகிறவர்கள் கைப்பையை அந்தப்பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். நிஜமாகவே மாற்றினார்களா, இல்லை அவருக்கு அப்படித் தோன்றியதா என்று அவராலேயே சொல்ல முடியாது. பத்திரிகை படிக்கிறவன் தன்னைப் பற்றிப் படிக்கிறான், சிரிக்கிறவன் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றே பட்டது. மொபைல் கடைக்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"சொல்லு, நீதானே தெருவுக்கெல்லாம் அனுப்பினது?"

"கையை எடுங்கண்ணே. நான் அந்தப் பக்கத்துலதான் பாத்தேன். ஒருத்தருக்கும் அனுப்பல. சந்தேகம்னா சாவியைத் திருப்பி வாங்கினவங்களையே போய்க் கேளுங்க, யார் அனுப்பினதுன்னு. அவங்க போன்ல இருக்கும்ல?"

இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை! வரிசையாக எல்லாரையும் சந்தேகப்பட்டவர், நேராகப் போய் ஒருவரைக் கேட்கவில்லை. செய்தி போட்டவன் செய்த அதே தப்பு. உடனே கிளம்பி டீச்சர் வீட்டுக்குப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆளைக் கண்டுபிடித்தால் பேரைச் சரியாகப் படிக்க வேண்டுமே.

டீச்சர் கம்பிக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"நான் உள்ள வரல டீச்சர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு அந்த வீடியோவை யார் அனுப்பினது?"

டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "என்னண்ணே கேக்கறீங்க? நீங்கதானே?"

"யாரு?"

"நீங்கதான். எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் உங்ககிட்டேருந்துதான் வந்துது." உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து கம்பி இடுக்கு வழியாகக் காட்டினார்கள்.

பூட்டண்ணன் கண்ணாடியை மாட்டினார். தெளிவாகத் தெரிந்தது. மேலே சிவப்பு எழுத்து. நடுவில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு படம், அதில் தன் முதுகு. அதற்குக் கீழே: "ஜாக்கிரதை! உங்க வீட்டுப் பூட்டு பத்திரமா? பழைய பூட்டை இன்னிக்கே மாத்துங்க." அதற்கும் கீழே கடை நம்பர்.

அன்று காலை டீ குடித்துக்கொண்டே தட்டியது இதுதான். சிவப்பாகக் கொட்டை எழுத்தில் இருந்த 'கைவரிசை' கண்ணுக்குத் தெரிந்தது, படம் மங்கலாக இருந்தது, திறந்து பார்ப்பானேன் என்று விரல் பாட்டுக்குப் போய்விட்டது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை இவர் விளம்பரமும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"'திருடினதும் இல்லாம தைரியமா விளம்பரம் வேற போடறான் பாரு'ன்னு எல்லாரும் பேசினாங்க," என்றார்கள் டீச்சர். "எனக்கு நம்ப முடியலண்ணே. ஆனா நீங்களே அனுப்பினா நான் என்னன்னு நினைக்கறது?"

பூட்டண்ணன் வாயைத் திறந்தார். ஆயிரம் கேள்வி கேட்கிற வாய். "கண்ணு தெரியல டீச்சர்" என்பது மட்டும்தான் வந்தது. திரும்பும்போது கம்பிக்கதவுக்குப் பின்னால் இருந்த வாசல் கதவு கண்ணில் பட்டது. அவர் கையால் பொருத்திய பூட்டு அங்கே இல்லை. பளபளவென்று வேறு பூட்டு. வேறு யாரோ வந்து மாட்டியிருக்கிறார்கள். வாசல் மேலே புதிதாக ஒரு கேமரா வேறு. பழைய பூட்டை மாற்றச் சொன்னாரே, மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். "மச்சானுக்குப் போன் போடுங்க முதல்ல" என்றாள். போட்டார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் காலை மொபைல் கடைக்காரரிடமும் போய்க் கேட்டார். அவர் பெருந்தன்மையாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் நிஜத் திருடன் வேறொரு வீட்டுப் பின்ஜன்னலில் மாட்டினான். இன்ஜினியர் வீட்டுத் திருட்டையும் ஒப்புக்கொண்டான். செய்திப் பக்கக்காரன் ஒரு வரி போட்டான்: "முன்பு வெளியான காணொளியில் இருப்பவர் பூட்டைத் திறக்க அழைக்கப்பட்டவர் எனத் தெரிகிறது." சிவப்பும் இல்லை, கொட்டை எழுத்தும் இல்லை. 'எனத் தெரிகிறது'! பழி போடும்போது தெரியாமலே போடத் தெரிந்தவனுக்கு, பழியை எடுக்கும்போது மட்டும் எவ்வளவு நிதானம் பாருங்கள்.

பூட்டண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தட்டினார். அன்றைக்கு முழுக்க ஒரு பதிலும் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு மொபைல் கடைக்குப் போனார். "பழுதாயிடுச்சா பாரு தம்பி."

அவர் வாங்கிப் பார்த்தார். "போன் நல்லாத்தான்ணே இருக்கு. இப்படி மொத்தமா அனுப்பறது, உங்க நம்பரைத் தங்களோட போன்ல பதிஞ்சு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் போகும். அப்ப எல்லாரும் வெச்சிருந்தாங்க. இப்ப…"

"அழிச்சுட்டாங்க."

"ஆமாண்ணே."

பொய் போனபோது எல்லார் போனிலும் அவர் பேர் இருந்தது. உண்மை போகும்போது பேரே இல்லை. மொபைல் கடைக்காரர் வேறொன்று செய்தார். அந்த ஒரு வரியைப் பெரிதாக அச்சடித்து, சண்டைக்குக் காரணமான தன் விளம்பரப் பலகையின் மேலேயே ஒட்டிவிட்டார். போகிறவர் வருகிறவர் படித்தார்கள். மெல்ல மெல்லச் செய்தி பரவியது, நடந்தே.

ஒருநாள் டீச்சர் கடைக்கு வந்தார்கள். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். "எங்களை மன்னிச்சுடுங்கண்ணே. ஊர் வாயைக் கேட்டு நாங்களும் ஆடிட்டோம்." கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார்கள். "பழையபடி இங்கயே இருக்கட்டும்."

சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பூட்டண்ணன் சாவியை வாங்கினார். கட்டைவிரலால் அதன் பல்லைத் தடவினார். அதே சாவி. அவர் பொருத்திய அந்தப் பழைய பூட்டின் சாவி. இப்போது டீச்சர் வீட்டுக் கதவில் இல்லாத பூட்டின் சாவி. டீச்சர் கண்ணாடி அலமாரியில் இருந்த பூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்க டீச்சர்" என்று முதல் ஆணியில் மாட்டினார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். மாடிவீட்டுப் பெண், கணக்காளர், அச்சகக்காரர். எல்லாரும் சிரித்த முகத்தோடு சாவி கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார், ஒவ்வொன்றையும் மாட்டினார். அந்தந்த வீட்டு வழியாக நடந்துபோகும்போது புதுப் பூட்டுகளை அவர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. பலகை பழையபடி நிறைந்தது.

"பாத்தீங்களா? எல்லாரும் திரும்ப நம்பறாங்க," என்றாள் மனைவி.

"ம்" என்றார். அவளிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். அவள் முகத்தில் வெகுநாளைக்கப்புறம் வெளிச்சம். மென்று முழுங்கிவிட்டார். ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் பலகையைத் துடைக்கும் வழக்கம் நின்றுபோனது. திருட்டுச் செய்தி அனுப்பும் வழக்கமும்தான்.

அப்புறம் ஒரு மத்தியானம் டீச்சர் மறுபடியும் கடை முன்னால் வந்து நின்றார்கள். கையில் காய்கறிப் பை, காலில் வீட்டுச் செருப்பு. முகம் வெளிறியிருந்தது. காற்று, கதவு, மறதி, எல்லாம் பழைய கதைதான். வாயைத் திறந்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், முதல் ஆணியைப் பார்த்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். அந்தச் சாவியைக் கேட்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. கழுத்து வரைக்கும் சிவந்துபோய் அப்படியே நின்றார்கள்.

பூட்டண்ணன் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. கொக்கிக் கம்பி இருந்த பையை எடுத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாங்க டீச்சர், அடுப்புல என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.

டீச்சர் வீட்டு வாசலில் அந்தப் பளபளப்பான பூட்டின் முன்னால் குந்தினார். டீச்சர் கூச்சத்தோடு தள்ளி, கேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். கம்பியைத் துளைக்குள் விடப்போன பூட்டண்ணன் கையை நிறுத்தினார். தலையைத் தூக்கி வாசல் மேலே இருந்த கேமராவைப் பார்த்தார்.

"டீச்சர், கொஞ்சம் கிட்ட வாங்க."

"என்னண்ணே? ஏதாவது பிடிச்சுக்கணுமா?"

"ஒண்ணும் பிடிக்க வேணாம். என் பக்கத்துல நில்லுங்க, போதும். அதுல நீங்களும் விழணும்."

டீச்சர் வந்து நின்றார்கள். காய்கறிப் பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். பூட்டண்ணன் திறக்க ஆரம்பித்தார், ரொம்ப மெதுவாக.